பழைய சேவையகங்களில் உறங்கும் ஆவணங்கள்: திருகோணமலை எதிர்நோக்கும் 2027

அரச அலுவலகம் ஒன்றின் மூலையிலே, மேசைக்குக் கீழேயோ களஞ்சிய அறையின் தட்டிலோ, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கப்பட்ட சேவையகக் கணினி ஒன்று கிடப்பது இலங்கையில் அரிய காட்சியன்று. சில இன்னமும் இயங்கிக்கொண்டிருக்கின்றன. சில நிறுத்தப்பட்டு, விசிறியில் தூசு படிந்து, பொருட் பதிவேட்டில் மட்டும் உயிர் வாழ்கின்றன. இவற்றினுள்ளே எவை இருக்கின்றன என்பதை அறிந்த உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றோ ஓய்வு பெற்றோ சென்றிருப்பார். கடவுச்சொல்லும் அவரோடு சென்றிருக்கும்.

இது தொழில்நுட்பத் துறையினரின் கவலை என்று ஏனையோர் ஒதுங்கிவிடலாம். ஆனால், திருகோணமலை மாவட்டத்தைப் பொறுத்தவரை அவ்வாறு ஒதுங்குவதற்கு இடமில்லை. காணி, இழப்பீடு, மீள்குடியேற்றம், இறப்புப் பதிவு, விவாகப் பதிவு என்பனவெல்லாம் இங்கு ஆவணத்தில் தங்கி நிற்கும் உரிமைகள். அந்த ஆவணங்களோ ஒரு தலைமுறைக்குள்ளேயே பல தடவைகள் நீரினாலும் நெருப்பினாலும் இடப்பெயர்வினாலும் சிதறியவை.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் கிண்ணியா, மூதூர், குச்சவெளி, ஈச்சிலம்பற்று ஆகிய கரைகளுக்குள் புகுந்தபோது மனித உயிர்களோடு வீட்டுப் பெட்டிகளிலிருந்த காணி உறுதிகளும், பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும், வங்கிப் புத்தகங்களும் சென்றன. கிண்ணியா வைத்தியசாலை அழிவுண்டது. உடல் கிடைக்காதவர்களின் இறப்பைப் பதிவு செய்வதற்கு விசேட சட்டமே தேவைப்பட்டது. 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் அவ்வாறு பிறந்தது. ஈராண்டும் கழியுமுன்னரே, 2006 இல், மூதூர் மக்கள் கந்தளாய்க்கும் சம்பூர் மக்கள் மட்டக்களப்பு முகாம்களுக்கும் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினர். சம்பூர்க் காணிகள் ஏறக்குறைய ஒரு தசாப்தத்துக்குப் பின்னரே உரியவர்களுக்குத் திரும்பத் தொடங்கின. அப்போது ஒவ்வொருவரும் எதிர்கொண்ட முதற் கேள்வி, “உங்களிடம் என்ன ஆவணம் உண்டு?” என்பதே.

வீட்டில் ஆவணம் இல்லாதவனுக்கு அலுவலகத்தின் பிரதியே துணை. அலுவலகத்தின் பிரதி 2000 களின் நடுப்பகுதியிலிருந்து மெல்ல மெல்லக் கணினிக்குள் சென்றது. சுனாமி நிவாரணத்தோடு இம்மாவட்டத்துக்கு வந்த பொருள்களில் கணினிகளும் அடங்கும். பயனாளிகள் பட்டியல், சேத மதிப்பீடு, வீடமைப்புக் கொடுப்பனவு, முகாம் பதிவு என்று தரவுத்தளங்கள் உருவாகின. தலைநகரில் இலங்கை மென்பொருள் வல்லுநர்கள் தொண்டர்களாக இணைந்து ‘சகானா’ என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளைச் சில வாரங்களுக்குள் ஆக்கினர். பின்னர் அது 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. அதன் மூலநிரலை இன்றும் எவரும் இணையத்திலிருந்து பெற்றுக்கொள்ளலாம். ஆனால் மென்பொருள் வேறு, அதனுள் இடப்பட்ட தரவு வேறு. மென்பொருளை உலகம் காத்துக்கொள்ளும். ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயர்ப்பட்டியலை அந்த மாவட்டந்தான் காத்துக்கொள்ள வேண்டும்.

பல தொண்டு நிறுவனங்கள் போர் முடிந்த பின்னர் தத்தம் அலுவலகங்களை மூடிச் சென்றன. அவை விட்டுச் சென்ற கணினிகள் பாடசாலைக்கோ சங்கத்துக்கோ அன்பளிப்பாயின. உள்ளிருந்த தரவு யாருக்கு அன்பளிப்பாயிற்று என்ற கேள்வியை அப்போது எழுப்பியோர் மிகச் சிலரே.

நிருவாகப் பிரிவினையும் இங்கே நினைவுகூரத் தக்கது. வடக்கு-கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் திருகோணமலையிலேயே இருந்தது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையடுத்து 2007 ஜனவரி 1 முதல் இரு மாகாணங்களும் பிரிந்து இயங்கின. வட மாகாணத்தின் அலுவலகங்கள் அதன் பின்னரும் சில காலம் இந்நகரிலிருந்தே செயற்பட்டன. காகிதக் கோப்பைப் பிரிக்கும்போது ஒன்று இந்த அலுமாரிக்கும் மற்றையது அந்த அலுமாரிக்கும் போகும். எது எங்கே போயிற்று என்பதற்குப் பட்டியலும் இருக்கும். கணினித் தரவு அவ்வாறு பிரிவதில்லை. இருபுறமும் முழுப் பிரதி இருக்கலாம், ஒருபுறம் மட்டும் இருக்கலாம், அல்லது இருபுறமும் மற்றவரிடம் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கலாம். மூன்றாவது நிலைதான் மிகவும் ஆபத்தானது.

கொழும்பு கற்ற பாடம்

பழைய சேவையகத்தை உரிய காலத்தில் மேம்படுத்தாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2023 ஓகஸ்ட் 26 ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிக் கட்டமைப்பிலிருந்த மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. கட்டமைப்பு விரைவில் மீள இயங்கியது. ஆனால், அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட காலத்து மின்னஞ்சல்கள் திரும்பவேயில்லை. காரணம், இணைப்பிலிருந்த காப்புப் பிரதியும் தாக்குதலில் மறைகுறியாக்கப்பட்டது. இணைப்புக்கு வெளியே வைக்கப்பட்ட பிரதியொன்று அக்காலப்பகுதிக்கு இருக்கவில்லை.

அந்தச் சேவை இயங்கிய மென்பொருள் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரல் 11 ஆம் திகதி நிறுத்திவிட்டது. மேம்படுத்தும் யோசனை 2021 முதலே இருந்ததெனவும், நிதிப் பற்றாக்குறையும் முன்னைய பணிப்பாளர் சபையின் தீர்மானங்களும் தாமதத்துக்குக் காரணமெனவும் பொறுப்பான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிறுவனம் அப்போது விளக்கமளித்தது. நிதி இல்லை என்பது உண்மையாயிருக்கலாம்; 2022 இன் பொருளாதார வீழ்ச்சியை யாரும் மறக்கவில்லை. ஆயினும், இணைப்பைக் கழற்றி வைக்கும் ஒரு வன்தட்டுக்கு வேண்டிய பணம் எந்த அரசிடமும் இல்லாமற் போவதில்லை.

இதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர், 2021 ஜூலையில், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் ஏறக்குறைய 2 டெராபைட் தரவுகள் அதே மேகக் கட்டமைப்பிலிருந்து அழிந்துபோன விவகாரம் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் சென்றது. 2025 ஒக்டோபரில் அரச மேகத்தில் ஏற்பட்ட கோளாறினால், பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களை இணையவழியிற் பெறும் வசதி உட்படப் பல சேவைகள் தடைப்பட்டன. மூன்று நிகழ்வுகளும் மூன்று வகை: ஒன்று தாக்குதல், ஒன்று அழிப்பு, ஒன்று கோளாறு. மேகத்துக்கு மாற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று கூறும் அதிகாரிகள் இவற்றை ஒருமுறை வரிசையாக நினைத்துப் பார்ப்பது நல்லது.

தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் தென் கொரியாவே தப்பவில்லை. 2025 செப்டெம்பர் 26 இல் டேஜோன் நகரிலுள்ள தேசிய தகவல் வளங்கள் நிலையத்தில் மின்கல அடுக்கொன்றை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பற்றியது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட அரச கணினிச் சேவைகள் நின்றன. அரச ஊழியர் தம் பணிக் கோப்புகளைச் சேமித்து வந்த ‘ஜி டிரைவ்’ என்னும் களஞ்சியத்தின் 858 டெராபைட் தரவு எரிந்தழிந்தது. கொள்ளளவு மிகப் பெரிதென்பதால் அதற்கு வெளியே பிரதி எடுக்கப்பட்டிருக்கவில்லை.

உப்புக் காற்றும் மின்வெட்டும்

துறைமுக நகரில் சேவையகத்துக்குத் தனியான பகைவர் உண்டு. கொட்டியாரக் குடாவிலிருந்து வீசும் காற்றிலுள்ள உப்புத் துகள், ஈரப்பதனோடு சேர்ந்து, செம்பும் வெள்ளியும் கொண்ட இணைப்புகளை அரிக்கிறது. மின்சாரத்தை மீதப்படுத்துவதற்காக அலுவலகம் மூடியதும் குளிரூட்டியை நிறுத்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு. காலையில் குளிர்ந்து இரவில் வெப்பமும் ஈரமும் ஏறும் இந்த நாளாந்தச் சுழற்சி, தொடர்ந்து வெப்பமாகவே இருப்பதைக் காட்டிலும் மோசமானதாக அமையலாம். வாடைக் காற்றுக் காலமான ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழை இதற்கு மேலதிகம்.

மின்வெட்டு அடுத்த பகை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தமை நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. பழைய சேவையகத்தின் தட்டுக் கட்டுப்பாட்டு அட்டையில் ஒரு சிறு மின்கலம் உண்டு. வன்தட்டில் எழுதப்படக் காத்திருக்கும் தரவை மின்வெட்டின்போது சில மணி நேரம் காப்பது அதன் வேலை. சில ஆண்டுகளில் அது வலுவிழந்துவிடும். அதை மாற்றாத சேவையகத்தில் ஒவ்வொரு மின்வெட்டும் தரவுத்தளத்தின் ஒரு பக்கத்தைப் பாதி எழுதிய நிலையில் விட்டுச்செல்லக்கூடும். பல நாள் கழித்தே அது புலப்படும். அதற்குள் காப்புப் பிரதியிலும் அதே பழுது படிந்திருக்கும்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கிழக்குக் கரையை ஊடறுத்தபோது மாவிலாற்றுக் கரை உடைந்து மூதூர், சேருவில, வெருகல் பகுதி மக்கள் வெளியேற நேர்ந்தது. தரைத்தளத்தில், அதுவும் தரையிலேயே, சேவையகத்தை வைக்கலாகாது என்பதற்கு இனியும் விளக்கம் வேண்டுமா?

மீட்பின் முறை

இயங்கிக்கொண்டிருக்கும் பழைய சேவையகத்தை முதலில் நிறுத்திப் பார்ப்போம் என்று எண்ணுவது பலரும் செய்யும் தவறு. ஆண்டுக்கணக்கில் ஓயாது சுழன்ற வன்தட்டு ஒருமுறை நின்று குளிர்ந்தால் மீண்டும் சுழலாமற் போகலாம். மின்வழங்கியிலுள்ள முதிர்ந்த கொள்ளளவிகளும் மீள இயக்கும் கணத்திலேயே பெரும்பாலும் கைவிடும். ஆகவே, இயங்கும் நிலையிலேயே தரவைப் பிரதி எடுத்து, அப்பிரதி திறக்கிறதா என்று வேறொரு கணினியிற் பரிசோதித்த பின்னரே ஆளியில் கை வைக்க வேண்டும்.

நின்றுபோன சேவையகமாயின் வேறு முறை. பெரும்பாலான சேவையகங்களில் வன்தட்டுகள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கும். ‘ரெயிட்’ என்பது அதன் பெயர். ஐந்தாம் வகை ரெயிட்டில் ஒரு தட்டுப் பழுதானாலும் ஏனையவை தாங்கிக்கொள்ளும். இரண்டாவது தட்டும் பழுதானால் யாவும் போயிற்று. ஒரு தட்டுப் பழுதானதற்கு அடையாளமாகச் செம்மஞ்சள் விளக்கு மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருக்க, சேவையகம் நன்றாகத்தானே இயங்குகிறது என்று எல்லோரும் கடந்து செல்வதுண்டு. அந்த விளக்கு உண்மையில் இறுதி அறிவித்தல்.

தட்டுகளைக் கழற்றுமுன் எந்தத் தட்டு எந்தத் துளையில் இருந்தது என்பதை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிப் புகைப்படமும் எடுக்க வேண்டும். வரிசை மாறினால் தரவு குழம்பும். ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாக, எழுதத் தடைசெய்யும் கருவியின் ஊடாக, முழுமையாகப் பிம்பமெடுக்க வேண்டும். பழுதான பகுதிகளைத் தாண்டிச் சென்று நல்ல பகுதிகளை முதலிற் பிரதியெடுக்கும் இலவச லினக்ஸ் கருவிகள் இதற்கு உண்டு. அதன் பின்னர் நடக்கும் ஆய்வு யாவும் பிரதியின் மீதே நடக்க வேண்டும். மூலத் தட்டை எவரும் தொடலாகாது. திரையில் ‘தட்டுகளை ஆரம்பநிலைப்படுத்தவா?’ என்ற கேள்வி தோன்றும்போது ஆம் என்று அழுத்திவிட்டுப் பின்னர் நிபுணரைத் தேடுவோர் பலர்.

வெள்ளத்திலோ கடல்நீரிலோ நனைந்த தட்டைப் பற்றி ஒரு சொல். வெயிலிற் காயவைப்பதும், முடி உலர்த்தியால் ஊதுவதும், மின்னிணைத்துப் பார்ப்பதும் கூடா. நீர் காய்ந்தால் உப்பும் சேறும் தட்டின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியோடு காற்றுப் புகாத உறையிலிட்டுத் தாமதமின்றி மீட்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதே முறை.

வன்பொருளின் ஆயுள் முடிந்தாலும் அதன் மென்பொருளை உயிரோடு வைத்திருக்க ஒரு வழி உண்டு. பழைய சேவையகத்தின் முழுத் தட்டையும் ஒரு கோப்பாக்கி, புதிய கணினியினுள்ளே மெய்நிகர்க் கணினியாக இயக்கலாம். பிரித்தானியாவில் 1086 ஆம் ஆண்டின் ‘டூம்ஸ்டே’ நிலப் பதிவேட்டை இன்றும் வாசிக்கலாம்; அதன் 900 ஆம் ஆண்டு நிறைவுக்காக 1986 இல் பி.பி.சி. லேசர் தட்டில் ஆக்கிய புதிய டூம்ஸ்டேயையோ பதினைந்து ஆண்டுகளில் வாசிக்க இயலாத நிலை வந்தது. பழைய கணினியைப் புதிய கணினியினுள் பாவனை செய்து காட்டித்தான் அதை மீட்டனர். ஆனால் மெய்நிகராக்கலை நிரந்தரத் தீர்வாகக் கொள்ளலாகாது. விண்டோஸ் சேவையகத்தின் 2003 ஆம் ஆண்டுப் பதிப்புக்கான ஆதரவு 2015 ஜூலையிலும், 2008 பதிப்புக்கு 2020 ஜனவரியிலும், 2012 பதிப்புக்கு 2023 ஒக்டோபரிலும் முடிந்துவிட்டது. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி 12 இறுதி நாள். ஆதரவு முடிந்த பதிப்பை வலையமைப்பில் இணைப்பது கதவில்லாத வீட்டைத் தெருவோரம் விடுவதற்கு ஒப்பு. தனித்து, இணைப்பின்றி, தரவை வெளியே எடுக்கும் வரையில் மட்டும் அதை இயக்க வேண்டும்.

தரவுத்தளத்தை நகர்த்தும்போது படிகளைத் தாண்ட முடியாது. எஸ்.கியூ.எல். சேவையகத்தின் 2000 ஆம் ஆண்டுப் பதிப்பில் எடுத்த காப்புப் பிரதியை 2012 பதிப்போ அதற்குப் பின்னையதோ நேரடியாக ஏற்காது. இடையில் 2005 அல்லது 2008 பதிப்பொன்றில் ஏற்றி, அங்கிருந்து மீண்டும் எடுக்க வேண்டும். பொக்ஸ்புரோவில் எழுதப்பட்ட சம்பள, கூட்டுறவு, களஞ்சியக் கணக்குகள் ஒப்பீட்டளவில் எளியவை. அக்கோப்பு வடிவத்தை இன்றைய இலவச விரிதாள் மென்பொருள்களும் திறக்கும். குறுவட்டில் எடுத்து வைத்த பிரதிகளை நம்ப முடியாது. வெப்பமும் ஈரமும் அதன் சாயப் படையைச் சிதைத்துவிடும். காந்த நாடாவில் எடுத்தவர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. எல்.ரீ.ஓ. நாடாக் கருவிகள் ஏழாம் தலைமுறை வரை தமக்கு முந்திய இரு தலைமுறை நாடாக்களை வாசித்தன. எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக் கருவிகள் முந்திய ஒன்றையே வாசிக்கும். நாடா நன்றாயிருக்க, வாசிக்கும் கருவி சந்தையில் இல்லாமற் போவது இவ்வாறே.

தமிழ் எழுத்தென்னும் தனிச் சிக்கல்

மேற்கூறியவை எல்லா நாட்டுக்கும் பொது. தமிழில் தரவை இட்டவர்களுக்கு மேலும் ஒரு மீட்பு வேலை காத்திருக்கிறது. அதைக் கொழும்பிலுள்ள நிறுவனம் எதுவும் தானாகச் செய்து தராது.

2000 களில் இலங்கையின் தமிழ்க் கணினி வேலை பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருக்களில் நடந்தது. அந்த முறையில் கணினி சேமித்தது ஆங்கில எழுத்துகளின் குறியெண்களையே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவத்தை அணிவித்தது. எழுத்துருவின் பெயர் ஆவணக் கோப்பிலே பதிவாகியிருக்கும். தரவுத்தளத்தின் நிரலிலோ பதிவாகியிராது. ஆகையால், மீட்கப்பட்ட அட்டவணையைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த பொருளற்ற சரமே தோன்றும். தரவு கெட்டுவிட்டதென்று எண்ணி அழித்துவிடும் அபாயம் இங்கேதான். கெட்டதன்று; உடை களையப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

யுனிகோடுக்கு மாற்றுவதற்கு இலவச மாற்றிகள் உண்டு. ஆனால் மாற்றம் வெறும் எழுத்துக்கு எழுத்து நடப்பதன்று. பழைய முறையில் கொம்பு எழுத்துக்கு முன்னே தட்டச்சிடப்பட்டது. யுனிகோடில் மெய்க்குப் பின்னேதான் உயிர்க்குறி சேமிக்கப்படும். ஒகர, ஓகாரக் குறிகளை ஒரே குறியெண்ணாகவும் இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடும் கணினிக்கு அவை இரு வேறு சொற்கள். ‘ஸ்ரீ’ என்னும் எழுத்துக்கும் இரு எழுதுமுறைகள் உள்ளன. 2005 இல் யுனிகோடில் புதிதாக ஒரு கிரந்த எழுத்துச் சேர்க்கப்பட்டதன் விளைவு அது. ஆகவே ஸ்ரீதரன் என்ற ஒருவர் பட்டியலில் இருந்தும் தேடலில் அகப்படாமற் போகலாம். அதே நிரலில் ஆங்கிலத்திலும் சில பெயர்கள் இடப்பட்டிருந்தால், மாற்றி அவற்றையும் தமிழென்று கருதி உருக்குலைத்துவிடும். இலங்கையின் தமிழ்க் கணினி நியமமான எஸ்.எல்.எஸ். 1326 ஐ 2008 இல் வெளியிட்டதோடு புதிய தரவுக்கு வழி பிறந்தது. பழைய தரவுக்கு மனிதக் கண் வேண்டும்.

முஸ்லிம் பெயர்களில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. முஹம்மது, முகம்மது, முகமது, மொஹமட் என நான்கு வகையாக ஒரே மனிதரின் பெயர் நான்கு பட்டியல்களில் காணப்படலாம். பாத்திமா, பாதிமா, ஃபாத்திமா என்பனவும் அவ்வாறே. முன்னெழுத்துகள் சிலவேளை ஆங்கில ஒழுங்கிலும் சிலவேளை தமிழ் ஒலிப்பிலும் எழுதப்பட்டன. கிண்ணியாவில் ஒரே கிராம உத்தியோகத்தர் பிரிவில் ஒரே பெயரும் ஒரே முன்னெழுத்தும் கொண்ட பலர் இருப்பது வியப்பன்று. இந்நிலையில் பெயரைக் கொண்டு இரு பட்டியல்களை இணைக்க முற்படுவது வீண் முயற்சி. தேசிய அடையாள அட்டை இலக்கமே பாலமாகும்.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாகப் பத்து இடங்கள். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள். பழைய தரவுத்தளத்தில் பத்து இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தால் புதிய இலக்கத்தின் கடைசி இரண்டும் ஓசையின்றி வெட்டுப்படும். பழைய இலக்கத்துக்கு முன் 19 ஐச் சேர்த்து, பிறந்த நாளைக் குறிக்கும் எண்ணுக்குப் பின்னர் ஒரு பூச்சியத்தை இட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் கிடைக்கும். மேம்படுத்தும் நாளிலேயே இதைச் செய்து, பழைய வடிவத்தையும் அழிக்காது அருகில் வைத்திருத்தல் வேண்டும். ஒரு விதவையின் 2005 ஆம் ஆண்டுக் கொடுப்பனவுப் பதிவையும் அவளது இன்றைய காணி விண்ணப்பத்தையும் இணைப்பது இந்தப் பூச்சியமாகவும் இருக்கக்கூடும்.

சட்டம் விதித்த எல்லை

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 இல் நடைமுறைக்கு வந்தது. கணினிப் பதிவுகளும் மின்னஞ்சல்களும் அதன்படி ‘தகவல்’ ஆகும். அதன் 7 ஆம் பிரிவு ஒவ்வோர் அரச அதிகார சபையும் தன் பதிவேடுகளைப் பேண வேண்டுமென விதிக்கிறது. சட்டம் வந்தபின் ஆக்கப்பட்ட பதிவுகளை ஆக்கப்பட்ட நாளிலிருந்து குறைந்தது 12 ஆண்டுகளும், சட்டம் வந்தபோது ஏற்கெனவே இருந்தவற்றை அந்நாளிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகளும் பாதுகாத்தல் வேண்டும்.

இந்த இரண்டாவது கணக்கைத் திருகோணமலை வாசகர் ஊன்றி நோக்க வேண்டும். சுனாமிப் பட்டியல்கள், 2006 இடப்பெயர்வின் பதிவுகள், மீள்குடியேற்றக் கோப்புகள் எல்லாம் 2017 க்கு முந்தியவை. இச்சட்டம் அவற்றுக்கு வழங்கிய குறைந்தபட்சப் பாதுகாப்பு 2027 பெப்ரவரியோடு முடிகிறது. அன்றே அவை அழிக்கப்படும் என்பதன்று; தேசிய சுவடிகள் சட்டமும் திணைக்கள விதிகளும் இன்னமும் உள்ளன. எனினும், ‘பத்தாண்டு வைத்திருந்தோம், கடமை முடிந்தது’ என்று கூறி ஒரு பழைய சேவையகத்தை ஏலத்துக்கு அனுப்ப அதன் பின்னர் வாய்ப்பு அதிகம். விண்டோஸ் 2016 சேவையகத்தின் ஆதரவும் அதற்கு மூன்று வாரம் முன்னதாக முடிவது தற்செயல் ஒற்றுமையே. ஆனால் பழையதைக் கழிக்கும் யோசனை அலுவலகங்களில் ஒருசேர எழுவதற்கு அதுவே போதும்.

ஒரு பதிவைக் கோரி விண்ணப்பம் நிலுவையிலுள்ளபோது அப்பதிவை அழித்தலாகாது என்பதும் சட்டத்தின் ஏற்பாடே. மாவட்டச் செயலகத்திடமோ பிரதேச செயலகத்திடமோ தனிநபர் தம் கோப்பைக் கோரலாம். பள்ளிவாசல் சம்மேளனங்களும் ஆலய பரிபாலன சபைகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும், ‘இவ்வலுவலகத்தில் 2004 முதல் 2016 வரையான எந்தத் தரவுத்தளங்கள் உள்ளன, எந்தக் கணினியில் உள்ளன, கடைசியாக எப்போது பிரதி எடுக்கப்பட்டது’ என்று கேட்டு எழுதலாம். விடை ஒருவரின் தனிப்பட்ட விவரத்தை வெளியிடாது. ஆனால் அலுவலகத்தைத் தன் அலுமாரியைத் திறந்து பார்க்கச் செய்யும்.

மீட்ட தரவு நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமாயின் மீட்ட முறையும் எழுத்தில் இருக்க வேண்டும். இலத்திரனியல் பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்கு 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இடமளிக்கிறது. பிரதி எடுத்த நாள், எடுத்தவர், சாட்சி, தட்டின் தொடரிலக்கம் ஆகியவற்றோடு, கோப்பின் ‘ஹாஷ்’ எனப்படும் எண்முத்திரையையும் அன்றே குறித்து வைத்தல் வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினும் அம்முத்திரை மாறிவிடும். பிற்காலத்தில் பட்டியலில் பெயர் புகுத்தப்பட்டதென்று எவரேனும் வாதிட்டால் இதுவே பதில். காணிப் பிணக்குகளில் மூவினத்தவரும் எதிரெதிராக நிற்கும் ஒரு மாவட்டத்தில் இது சிறிய விடயமன்று.

பாதுகாத்தலுக்கு மறுபுறமும் உண்டு. போர்க்காலப் பதிவுப் பட்டியல்களில் யார் எந்த முகாமில் இருந்தார், யாருடைய மகன் காணாமற் போனான் என்ற விவரங்கள் உள்ளன. இவை பழைய இரும்புக் கடைக்குச் செல்லும் வன்தட்டில் இருக்கலாகாது. கோப்பை அழிப்பதும் தட்டை வடிவமைப்பதும் தரவை அகற்றுவதில்லை. மேலே சொன்ன அதே மீட்புக் கருவிகள் அதை வெளிக்கொணரும். முழுத் தட்டின் மேலும் புதிதாக எழுதி நிரப்ப வேண்டும், அல்லது தட்டைத் துளையிட்டு நொறுக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் இதுவே. யாரிடம் காட்டலாம், யாரிடம் காட்டலாகாது என்பதைத் தீர்மானிக்காமல் பட்டியலை இணையத்தில் ஏற்றுவதும் சேவையாகாது. பொது நூல்கள், மலர்கள், சங்க அறிக்கைகள் போன்றவற்றுக்கு 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் தக்க இடம். தனிநபர் பட்டியல்களுக்கு அன்று.

செலவைப் பற்றிய கேள்வி எழும். ஒரு பிரதேச செயலகத்தின் பத்தாண்டுத் தரவுத்தளம், படங்களை நீக்கினால், பெரும்பாலும் சட்டைப்பையில் அடங்கும் ஒரு வன்தட்டுக்குள் அடங்கிவிடும். மூன்று பிரதிகள், இரு வேறு ஊடகங்கள், ஒன்று மாவட்டத்துக்கு வெளியே என்பது உலகெங்கும் கைக்கொள்ளப்படும் முறை. கடலோரத்து அலுவலகத்தின் பிரதியை அதே கடலோரத்தின் இன்னோர் அலுவலகத்தில் வைப்பதால் பயன் சிறிது. கண்டியிலோ அனுராதபுரத்திலோ வைக்கலாம். ஒரு பிரதி எந்நேரமும் மின்னிணைப்பின்றி இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அப்பிரதியிலிருந்து தரவைத் திறந்து, ஏதேனும் பத்துப் பெயர்களைக் காகிதக் கோப்போடு ஒப்பிட்டுக் கையொப்பமிட வேண்டும். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதியென்று எண்ணுவதற்கில்லை. இதற்கு வேண்டியது ஒரு வெளியக வன்தட்டும், தமிழ் வாசிக்கத் தெரிந்த இரு உத்தியோகத்தரும், அரை நாளும்.